என் வாய்க்கு விழுந்த சிவப்பு ஸ்டிக்கர்

ஆஸ்பத்திரியில் எனக்கு நடந்த பிரிவு உபசாரக் கூட்டத்தில் என் முன்பல் ஒன்று கடலை மிட்டாயோடு போய்விட்டது.

மைக் என் கைக்கு வரப்போகிற நேரம். மேஜை மேல் யாரோ கொண்டுவந்து வைத்திருந்த கோவில்பட்டிக் கடலை மிட்டாயை ஆசையாகக் கடித்தேன். மிட்டாய் உடையவில்லை, பல்தான் உடைந்தது. அந்த நொடியில் நிர்வாக அதிகாரி, “புற்றுநோய் வார்டுக் குழந்தைகளின் வாயைத் தன் கண்போலக் காத்த ஏகாம்பரம்” என்று புகழ்ந்துகொண்டிருந்தார். நான் எழுந்து நன்றி சொன்னேன். காற்றுதான் வந்தது. கையில் மிட்டாய், மிட்டாயில் பல். முன்வரிசையில் இருந்தவர்கள் கைதட்டுவதா, டாக்டரைக் கூப்பிடுவதா என்று தெரியாமல் விழித்தார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பல் டாக்டர் பக்கத்தில் நின்று பாதி ஆயுளைக் கழித்த நான், அந்த நாற்காலியில் நோயாளியாக ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. பயம். ஊசியைத் தட்டில் எடுத்து வைத்தவனே நான்தான். அதன் நீளம் எனக்குத்தானே தெரியும்?

என் இடத்துக்கு வந்திருக்கும் ரேவதிதான் இதை எழுத வைத்தது. வார்டுக்குப் புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறது. வாய்ப்புண் மேல் சிவப்பு வெளிச்சம் காட்டினால் வலி குறைகிறது, புண்ணும் சீக்கிரம் ஆறுகிறது. ரேவதி அதைத் துடைத்துக்கொண்டே கேட்டது: “இந்த மிஷின் இல்லாம இன்னா சார் பண்ணீங்க அப்போ?”

“வாய வெச்சித்தான்மா வேலை.”

“சும்மா கலாய்க்காதீங்க சார். ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்க. உங்க ஜோக்கையே எத்தினி நாளு நோட்டீஸ் போர்டுல ஒட்டிக்கினு இருப்போம்?”

சரி, எழுதுகிறேன்.

எனக்கு ஊர் மணிமங்கலம். தாம்பரத்தில் ஒரு பல் கிளினிக்கில் கருவி கழுவும் வேலையில் சேர்ந்து, பஞ்சு உருட்டக் கற்று, அச்சு எடுக்கக் கற்று, உதவியாளன் ஆனேன். நடுவில் ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வந்தபோது சிநேகிதர்கள் எல்லோரும் போகிறார்களே என்று நானும் ஒரு இன்டர்வியூவுக்குப் போனேன். மேலாளரிடம் ஜோக் சொன்னேன். அவருக்குத் தமிழ் தெரியாது. சிரிக்கவில்லை என்பதற்காக அதை விளக்கவும் செய்தேன். அத்தோடு தொழிற்சாலை வாழ்க்கை முடிந்தது. பிறகுதான் இந்த டிரஸ்ட் ஆஸ்பத்திரி. குழந்தைகள் புற்றுநோய் வார்டில் பல் பிரிவு என்று ஒரு சின்ன அறை, அதில் ஒரு நாற்காலி, அதற்கு ஒரு டாக்டர், அந்த டாக்டருக்கு நான்.

டாக்டர் கௌரி வாரத்தில் சில நாட்கள்தான் வருவார். அதிகம் பேச மாட்டார். வந்தவுடன் குழந்தை பார்க்கும்படி நின்று கை கழுவுவார். வாய்க்குள் விடும் சின்னக் கண்ணாடியை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிய பிறகுதான் எடுப்பார். சில்லென்ற இரும்பு பட்டால் குழந்தை அடுத்த முறை வாயைத் திறக்காது என்பார். பல்லைத் தொடும் முன் “தொடட்டுமா?” என்று கேட்பார். மூன்று வயதுக் குழந்தையிடமும் கேட்பார். தலையாட்டும் வரை காத்திருப்பார். எனக்குக் கால் வலிக்கும்.

சேர்ந்த புதிதில் ஒரு பையனுக்கு ஊசி போடும்போது, “எறும்பு கடிக்கிற மாதிரிதாண்டா கண்ணு” என்றேன். ஊசி இறங்கியதும் அவன் அலறினான். டாக்டர் வேலையை முடித்து, பையனை அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்தினார். அவருக்குக் கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். நாம் குனிந்து கேட்க வேண்டியிருக்கும்.

“ஏகாம்பரம், அந்த எறும்பு எந்த ஊர்ல இருக்கு?”

“இல்ல மேடம், பயப்படக் கூடாதேன்னு...”

“வலிக்கும்னா வலிக்கும்னு சொல்லுங்க. நாம ஒரு தடவ பொய் சொன்னா, அடுத்து நாம சொல்ற எதையும் அந்தப் புள்ள நம்பாது. நமக்கு அந்த வாய் இன்னும் ரெண்டு வருஷத்துக்கு வேணும்.”

அன்றிலிருந்து எறும்பை விட்டுவிட்டேன். ஜோக்கை விடவில்லை. நான் டீக்கடையில் ஜோக் சொன்னால் பக்கத்தில் இருப்பவர்கள் எல்லோரும் பின்னால் சாய்ந்துதான் சிரிப்பார்கள். அப்படி ஒரு வேகம் அதில்.

எங்கள் வேலை என்னவென்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். வாயில் கிருமி எல்லோருக்கும் உண்டு. உங்களுக்கும் உண்டு, எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. சாதாரண நாளில் அது ஒன்றும் செய்யாது. ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்கள் கம்பெனி கேட் செக்யூரிட்டி மாதிரி நின்று பார்த்துக்கொள்ளும். கீமோ மருந்து புற்று அணுக்களை அடிக்கிற அடியில் இந்த செக்யூரிட்டிக்கும் அடி விழும். வாயின் உள்தோலும் உரிந்து புண்ணாகும். காம்பவுண்டு சுவரும் இடிந்து, வாசலில் ஆளும் இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் உள்ளே நுழையலாம். அப்படித்தான் வாய்க் கிருமி ரத்தத்துக்குள் போகும். அந்த நாட்களில் காய்ச்சல் வந்தால் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. உயிருக்கே ஆபத்து.

அதனால் கீமோ தொடங்கும் முன்பே வாயைப் பார்த்து, சொத்தைப் பல்லுக்கு, ஈறில் இருக்கும் கட்டிக்கு ஒரு வழி செய்துவிட வேண்டும். தொடங்கிய பிறகு தலை சிறுத்த, மிருதுவான பிரஷ். ரத்தத் தட்டணு குறைந்து பிரஷ் பட்டாலே ரத்தம் வரும் நாட்களில், நனைத்த துணியால் ஒற்றித் துடைக்க வேண்டும். ரத்தம் வருகிறதே என்று பயந்து அம்மாக்கள் வாய் பக்கமே போகாமல் விட்டுவிடுவார்கள். அப்போதுதான் அழுக்கு சேரும், ஈறு வீங்கும், ரத்தம் இன்னும் வரும். கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பும் சமையல் சோடாவும் கரைத்து, அடிக்கடி கொப்பளித்துத் துப்ப வேண்டும். உதட்டுக்கு வாஸ்லின். முறுக்கும் சிப்ஸும் கூடாது. நாக்கில் வெள்ளையாகப் படிந்தால் உடனே சொல்ல வேண்டும்.

இவ்வளவுதான். இதை இவ்வளவோடு நிறுத்தாமல் நான் ஒருநாள் என் சொந்தச் சரக்கையும் சேர்த்தேன். இஷிகாவின் கதை அங்கே ஆரம்பிக்கிறது.

அவளுக்கு அப்போது ஏழு வயது. ரத்தப் புற்றுநோய். அப்பா மாரியப்பன் சுங்குவார்சத்திரம் பக்கத்தில் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சர்க்யூட் போர்டு செய்யும் லைனில் வேலை. அம்மா சுதா ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷனில் இருந்தார். பொண்ணுக்கு உடம்பு முடியாமல் போனதும் லீவு போட்டுவிட்டார். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து சுங்குவார்சத்திரத்தில் ஒரே ஒரு ரூமில் குடியிருந்தார்கள். குலதெய்வம் இசக்கி. அந்தப் பெயரைப் பள்ளிக்கூடத்துக்காக இஷிகா ஆக்கியிருந்தார்கள்.

முதல் நாள் டாக்டர் கௌரி ஊரில் இல்லை. கீமோவைத் தள்ளிப்போட முடியாத நிலை. டியூட்டி டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து அனுப்பினார். சுத்தம் பற்றிச் சொல்லித் தரும் பொறுப்பு எனக்கு. உப்புத் தண்ணீர் கதை முழுவதும் சொன்னேன். மாரியப்பன் இஸ்திரி போட்ட சட்டைபோல மடிப்புக் கலையாமல் உட்கார்ந்து கேட்டார். அவர் மனதில் நன்றாகப் பதியட்டும் என்று கடைசியில் ஒன்று சேர்த்தேன்: “சிம்பிளா சொல்றேன் தம்பி. உங்க லைன்ல போர்டை எப்பிடி க்ளீனா வெச்சிக்கிறீங்களோ, பாப்பா வாயை அப்பிடி வெச்சிக்கோங்க.”

“சரி அண்ணாச்சி” என்று அவர் முகம் மலர்ந்தது. என் முகம் அதைவிட மலர்ந்தது. இப்படி உதாரணம் சொல்ல நம்மை விட்டால் ஆள் ஏது?

அடுத்த முறை வந்தபோது இஷிகா வாயை இறுக மூடியிருந்தாள். உதடு வெந்து வெடித்திருந்தது. எதற்கும் கையால்தான் ஜாடை. டாக்டர் கௌரி மாரியப்பனிடம் கேட்டார், வாய்க்கு என்ன செய்தீர்கள் என்று.

“லைன்ல போர்டை ஸ்பிரிட் போட்டுத்தான் மேடம் தொடைப்போம். உப்புத் தண்ணி கொஞ்சங்கூட எரியல. எரியாம எப்படிக் கிருமி சாவும்? அதான் மெடிக்கல்ல, ஸ்பிரிட் கலந்தது, நல்லா எரியுத மவுத்வாஷாக் குடுங்கன்னு கேட்டு வாங்குனேன். காலைல, மத்தியானம், ராத்திரி, ஒருவேள விடல. பிள்ள கத்துவா. நான்தான் கையப் பிடிச்சிக்கிட்டு ஊத்துவேன்.” என் பக்கம் கையைக் காட்டினார். “அண்ணாச்சி சொன்னாப்லதான மேடம் செஞ்சேன்?”

டாக்டர் என்னைப் பார்த்தார். குரல் இறங்கியது. நான் குனிந்தேன்.

“ஏகாம்பரம், இனிமே உதாரணம் சொல்லாதீங்க. உப்பு, சோடா, தண்ணி. அத்தோட வாய மூடிக்கங்க.”

மவுத்வாஷை நிறுத்தியதும் புண் மெல்ல ஆறியது. வாய் மட்டும் திறக்கவில்லை. யாரும் பார்க்காதபோது சுவர்ப் பக்கம் திரும்பிக் கொஞ்சம் கஞ்சி குடிப்பாள். பிரஷ் என்று சொன்னாலே போர்வைக்குள் போய்விடுவாள். நடுவில் ஒரு காய்ச்சல் வந்து வார்டையே கலக்கிவிட்டுப் போனது. இடது கன்னம் லேசாக வீங்கியிருந்தது. பின்னால் ஏதோ ஒரு பல் கெட்டிருக்கிறது என்று டாக்டர் கௌரிக்குச் சந்தேகம்.

நேரமும் கழுத்தைப் பிடித்தது. வெள்ளை அணுக்கள் அப்போதுதான் ஏறியிருந்தன. புற்றுநோய் டாக்டர் அடுத்த கீமோவைத் தொடங்க வேண்டும். தள்ளிப்போட்டால் நோய் தலைதூக்கும். கெட்ட பல்லை உள்ளே வைத்துத் தொடங்கினால், அணுக்கள் மறுபடி இறங்கும்போது அந்தப் பல்லே எமனாகும். இந்த இடைவெளிக்குள் பல்லை எடுத்து, புண்ணும் ஆற வேண்டும். மயக்கம் கொடுக்கலாம் என்றால் நெஞ்சில் சளி. மயக்க டாக்டர் தயங்கினார்.

“ரெண்டு நாள் பார்ப்போம். அவளாத் திறந்தா நல்லது. இல்லேன்னா சளியோட சளியா மயக்கம் குடுத்துத்தான் ஆகணும்” என்றார் டாக்டர் கௌரி. சுதா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

நான் களத்தில் இறங்கினேன். யானை மாதிரி நடந்தேன். டாக்டர் மாதிரி பேசிக் காட்டினேன். மாரியப்பனுக்கே சிரிப்பு வந்தது. இஷிகாவுக்கு வரவில்லை. என் இருப்பில் இருந்த மிக நல்ல ஜோக்கைச் சொன்னேன். அவள் தலையணைக்கு அடியில் கைவிட்டு எதையோ எடுத்து, என் சட்டையில் ஒட்டினாள். சிவப்பாக வட்டமாக ஒரு ஸ்டிக்கர்.

“என்னம்மா இது?”

சுதா வெட்கத்தோடு சொன்னார்: “எங்க இன்ஸ்பெக்ஷன்ல உள்ளது அண்ணாச்சி. பீஸு நல்லாருந்தா பச்ச, ஓக்கே. சரியில்லன்னா சிவப்பு, ‘நோ குட்’, என்ஜிம்போம். தீந்துபோற ரோலை வெளயாடக் கொண்டுவந்து குடுப்பேன். இப்போ எல்லாத்துக்கும் ஒட்டுதா.”

சுற்றிப் பார்த்தேன். குளுகோஸ் கம்பிக்குச் சிவப்பு. கஞ்சித் தம்ளருக்குச் சிவப்பு. அப்பா செருப்புக்குச் சிவப்பு. பச்சை இருந்தது சன்னலுக்கு மட்டும். நான் சொன்ன ஜோக் என்ஜி.

அந்த இன்டர்வியூ மேலாளர்கூட என்னை இப்படி நேருக்கு நேர் ரிஜெக்ட் செய்யவில்லை. ஆனால் ரோஷத்தோடு ஒரு யோசனையும் வந்தது. டாக்டரிடம் போய் அனுமதி கேட்டேன். “அணு ஏறியிருக்கிறதால விடறேன். சட்டுனு முடிங்க” என்று அவரும் கூடவே வந்து நின்றார்.

கட்டில் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். “இன்ஸ்பெக்டர் மேடம், ஒரு பழைய பீஸு வந்துகீது. செக் பண்றீங்களா?” என்று டார்ச்சை அவள் கையில் கொடுத்து, மாஸ்க்கைக் கழற்றி, வாயைத் திறந்தேன். பிறருக்கு அதைத் திறந்து காட்டியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

இஷிகா முதலில் தூரத்திலிருந்து டார்ச் அடித்தாள். பிறகு கிட்டே வந்தாள். மூக்கைச் சுருக்கினாள். இன்ஸ்பெக்டர்களுக்கே உரிய மிடுக்கு என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பல்லாகப் பார்த்து, பார்த்த பல்லுக்கு ஒன்றாக என் சட்டையில் ஒட்டிக்கொண்டே வந்தாள். எல்லாம் சிவப்பு. சட்டைக்கு அம்மை போட்டது போல் ஆயிற்று. பச்சைக்கு வேலையே இல்லை. கடைசியில் டாக்டர் பக்கம் திரும்பி, என் வாயைக் காட்டி, கையை விரித்தாள்.

“ஏன் இப்படி ஆச்சுன்னு கேக்கறியா?” என்றார் டாக்டர் கௌரி. பொய் சொல்லத் தெரியாத மனுஷி. “எங்கிட்ட வாயக் காட்டவே மாட்டாரு. பயம். காட்டாம காட்டாம உள்ளயே கெட்டுப்போச்சு.”

இஷிகா டார்ச்சை அணைக்காமல் என்னைப் பார்த்தபடியே இருந்தாள்.

சுதா மெதுவாக ஒரு வார்த்தை போட்டார்: “ஏட்டி, எங்க கம்பெனில இன்ஸ்பெக்டரையும் ஆடிட்னு செக் பண்ணுவாங்கல்லா?”

டாக்டர் கண்ணாடியை உள்ளங்கையில் மூடிச் சூடாக்கிக்கொண்டிருந்தார். “பார்க்கட்டுமா?” என்றார். காத்திருந்தார். எனக்குக் கால் வலித்தது.

இஷிகா வாயைத் திறந்தாள்.

சுதா சத்தம் வராமல் அழுதார். மாரியப்பன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். டாக்டர் மட்டும் அவசரப்படவில்லை. முன்வரிசையில் தொடங்கி ஒழுங்காகப் பார்த்துக்கொண்டே போனார். “இது பச்சை. இதுவும் பச்சை. நாக்கு பச்சை.” இடது கீழ்ப்பக்கம் பின்னால் நின்றது கண்ணாடி. “இது என்ஜி, இஷிகா. அடியில சீழ் கட்டியிருக்கு.”

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இதுதான்: “என்ஜின்னா லைன்ல வைக்கக் கூடாது. எடுத்துரணும்.”

“ஆமா. ஊசி போடுவேன், வலிக்கும். அப்புறம் மரத்துப் போகும். இழுக்கிறது தெரியும், வலி தெரியாது.”

“எறும்பு கடிக்கிற மாதிரியா?”

“இல்ல. அதவிட ஜாஸ்தி.”

இஷிகா தலையாட்டினாள். நான் கூரையைப் பார்த்தேன்.

மறுநாள் காலை ரத்தத்தை மறுபடி பார்த்து, புற்றுநோய் டாக்டர் சம்மதம் சொல்லி, காய்ச்சல் வராமலிருக்க மருந்தும் ஏற்றிய பிறகு பல்லை எடுத்தோம். பால்பல்தான், ஆனால் வேரடியில் சீழ்ப்பை. ஊசி இறங்கியபோது அவள் என் கட்டைவிரலைப் பிடித்திருந்தாள். நகக்குறி நாலு நாள் இருந்தது. பல் வெளியே வந்ததும் டாக்டர் அதை அவளிடமே காட்டினார். அவள் பஞ்சைக் கடித்தபடி, பல் இருந்த கிண்ணத்தில் ஒரு சிவப்பு ஒட்டினாள். புண் மூடியதும் கீமோ தொடங்கியது. அணுக்கள் இறங்கின, வாயில் புண்ணும் வந்தது. ஆனால் இந்த முறை அவளே பிரஷ் பிடித்தாள். அவளே உப்புத் தண்ணீர் கேட்டாள். மாரியப்பன் அதை இளஞ்சூட்டில் கலக்கித் தருவார், எரிகிறதா என்று முதலில் தான் ஒரு வாய் கொப்பளித்துப் பார்த்துவிட்டு. வாயிலிருந்து கிருமி ரத்தத்துக்குப் போகவில்லை. சிகிச்சை முழுசாக முடிந்தது.

அதற்குப் பிறகு புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் இந்தக் கதையைச் சொன்னேன். ஸ்பிரிட் பகுதியைச் சுருக்கியும் ஆடிட் பகுதியை நீட்டியும் சொன்னேன். குழந்தையின் விளையாட்டுக்குள் நாம் போனால் குழந்தை நம் பேச்சுக்குள் வரும் என்பதுதான் அதில் நான் வைத்திருந்த பாடம். சொல்லச் சொல்ல எனக்கே புல்லரிக்கும்.

இனி அந்தக் கடலை மிட்டாய்க்கு வருகிறேன். அதைக் கொண்டுவந்தது மாரியப்பன் குடும்பம். வருஷாந்திர செக்கப்புக்கு வந்தவர்கள், எனக்கு விழா என்று கேள்விப்பட்டு இருந்துவிட்டார்கள். இஷிகா இப்போது என் தோளுக்கு வளர்ந்திருக்கிறாள். நீளப் பின்னல், வரிசையான பல். கூட்டம் முடிந்து ரேவதியும் மற்றவர்களும் சூழ்ந்துகொண்டபோது, உடைந்த பல்லைக் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டு, அந்தக் கதையைக் கதாநாயகி முன்னிலையிலேயே ஒருமுறை சொன்னேன். வாயில் காற்று போனாலும் குறை வைக்கவில்லை. டாக்டர் கௌரி கொஞ்சம் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“சொல்லு பாப்பா, நீ அந்த ஆடிட்டுக்குத்தானே வாயத் தொறந்தே?” என்றேன்.

இஷிகா அம்மாவைப் பார்த்தாள். சுதா கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

“மேடம்தான் பொய் சொல்லக் கூடாதும்பாங்க” என்றாள் இஷிகா.

“சொல்லும்மா” என்றார் டாக்டர்.

“ஆடிட்டுக்கெல்லாம் இல்ல மாமா. நீங்க மாஸ்க்க கழத்துனதும் நாத்தம் தாங்க முடியல. காட்டாம வச்சிருந்தா எனக்கும் இப்படி நாறிப்போயிரும்னு பயந்துதான் தொறந்தேன். இப்பவும் நாறுது. அந்தா மேடம் நிக்காங்க, போய் வாயக் காட்டுங்க.”